மார்த்தாண்டம் தேன்: அடுத்த பத்தாண்டுகளுக்கான திட்டமிடல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பர்த் தோட்டங்களை ஒட்டி நடைபெற்றுவரும் தேனீ வளர்ப்பின் எதிர்காலத்தைப் பற்றித் தேனீ வளர்ப்போரும், தோட்ட உரிமையாளர்களும், புதிதாக இத்தொழிலுக்கு வர எண்ணுவோரும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சில விடைகள் உறுதியான செய்திகள். சில, எங்கள் கருத்துகள். எது எது என்பது படிக்கும்போதே விளங்கும்.

மார்த்தாண்டத்தில் இத்தொழில் வேரூன்றியது எவ்வாறு?

இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த காலத்திலேயே, 1920களில், மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், சிறு நிலம் உடைய குடும்பங்களுக்கு ஏற்ற துணைத்தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சற்று முன்பே திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை நியூட்டன், இந்தியத் தேனீயின் உடலளவுக்கும் கூட்டத்தின் அளவுக்கும் பொருந்தும்படி ஒரு சிறிய மரப்பெட்டியை வடிவமைத்திருந்தார். அடை கட்டப்படும் மரச்சட்டங்களைத் தனித்தனியாகத் தூக்கிப் பார்க்கவும், அடையைப் பிழிந்து அழிக்காமல் தேனை மட்டும் சுழற்றி எடுத்துவிட்டு வெற்று அடையைத் தேனீக்களிடமே திருப்பிக் கொடுக்கவும் அந்தப் பெட்டி வழிசெய்தது. மரப்பொந்திலும் பானையிலும் இருந்த கூட்டைப் புகைபோட்டு அழித்துத் தேன் எடுத்த வழக்கம், ஆண்டுதோறும் அதே கூட்டத்தை வைத்துப் பேணும் தொழிலாக மாறியது இவ்வாறுதான். கூட்டுறவு முறையும் விடுதலைக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, தேனீ வளர்ப்பு இப்பகுதியில் ஒரு தலைமுறை கடந்த தொழிலாக இருந்தது.

தொழில் நடந்துகொண்டுதானே இருக்கிறது? தனியாகத் திட்டம் எதற்கு?

நடக்கிறது, ஆனால் ஒரே மரத்தையும், ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களையும், பெரும்பாலும் ஒரே இனத் தேனீயையும் நம்பி நடக்கிறது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அவ்வாண்டு வருமானம் இல்லை. 1991-92இல் நோய் வந்தபோது தேனீ தவறியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது, ரப்பர் மரங்கள் பெருந்தொகையாக முறிந்து விழுந்து, அடுத்த தேன்காலத்திற்கு இரண்டு மாதமே இருந்த நிலையில் மரம் தவறியது. மாசி மாதத்தில் பருவம் தப்பிப் பெய்யும் மழை, காலத்தைத் தவறவைக்கிறது.

இதுவரை வகுக்கப்பட்ட திட்டங்களில் பெரும்பாலானவை எத்தனை பெட்டி வழங்கினோம், எவ்வளவு தேன் எடுத்தோம் என்ற இரண்டு எண்களைச் சுற்றியே அமைந்துள்ளன. தேன் கிடைக்காத ஒன்பது மாதங்களில் தேனீ எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. இத்தொழிலின் எதிர்காலம் அந்த ஒன்பது மாதங்களில்தான் இருக்கிறது என்பதே இந்தப் பக்கத்தை எழுதுவோரின் உறுதியான கருத்து.

ரப்பர்ப் பூவில் அவ்வளவு தேன் இருக்கிறதா?

ரப்பர்த் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதே இல்லை. ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. அவை காம்போடு சேரும் இடத்தில் மதுச்சுரப்பிகள் உள்ளன. மார்கழி, தை மாதங்களில் மரம் முழுவதுமாக இலை உதிர்த்துப் பின்னர்த் தளிர்க்கிறது. செம்பு நிறத் தளிர் விரிந்து, வெளிர்பச்சையாகி, முற்றி இறுகும் வரையிலான சில வாரங்களில் அந்தச் சுரப்பிகள் இனிப்பு நீரைச் சுரக்கின்றன. இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தளிர்த்தால் பெட்டியில் தேன் சேரும் மேலறை ஒரு வாரத்தில் நிரம்பும். மரத்துக்கு மரம் முன்பின்னாகத் தளிர்த்தால், தேனீ உழைத்ததைத் தானே தின்று தீர்த்துவிடும்.

இந்த நுணுக்கத்திலிருந்து திட்டமிடலுக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, இலைக்கு வரும் நோயெல்லாம் தேனுக்கு வரும் நோய். பனி மிகுந்த காலைகளில் தளிரைத் தாக்கும் சாம்பல் நோய், ரப்பர்ப் பாலைக் குறைப்பதற்கு முன்பே தேனைக் குறைத்துவிடுகிறது. இரண்டாவது, இலைச்சுரப்பி மது தருமே தவிர மகரந்தம் தராது. மகரந்தம் இல்லாமல் புழுவை வளர்க்க முடியாது. ஆகவே சுற்றிலும் தென்னையும் கமுகும் புளியும் வேறு மரங்களும் இல்லாமல் ரப்பர் மட்டுமே இருக்கும் பெருந்தோட்டத்தைவிட, வீட்டு விளைகளுக்கு நடுவே ரப்பர் இருக்கும் இடம் கூட்டத்தின் நலத்துக்கு நல்லது. இம்மாவட்டத்தின் துண்டு துண்டான நிலங்களைக் குறையாகச் சொல்வது வழக்கம். தேனீ அப்படி நினைப்பதில்லை.

திட்டத்தின் ஆண்டுக் கணக்கு எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்?

புரட்டாசி முடிவில், அதாவது அக்டோபரில் தொடங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், மெலிந்துபோயிருந்த கூட்டம் மெல்ல மெல்ல வளரத் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது வளர்ச்சிக்காலம். வலுத்த கூட்டத்தை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துப் புது ராணிகளை உண்டாக்கும் காலமும் அதுவே. ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை தேன்காலம். மே முதல் செப்டம்பர் வரை பஞ்சகாலம்.

அரசின் நிதியாண்டோ மார்ச்சில் முடிகிறது. செலவுக் கணக்கை முடிப்பதற்காக மார்ச்சில் ஒரு பயனாளிக்குப் பெட்டியும் கூட்டமும் வழங்கினால், தேன்காலம் முடியும் தறுவாயில் அவர் தொழிலைத் தொடங்குகிறார். முதல் வருமானத்தைப் பார்க்கும் முன்பே ஐந்து மாதப் பஞ்சத்தைக் கடக்க வேண்டியவராகிறார். பட்டறிவு இல்லாத கையில் அந்தக் கூட்டம் ஆவணியைப் பார்ப்பது அரிது. வெற்றுப் பெட்டி விறகு வைக்கும் இடத்துக்குப் போய்விடும். பணம் எப்போது ஒதுக்கப்பட்டாலும், கூட்டத்தை நவம்பரில்தான் கையளிப்பது என்ற ஒரே விதியை மாவட்ட அளவில் கடைப்பிடித்தால், கூடுதல் செலவு ஏதுமின்றியே புதியவர்கள் நிலைப்பார்கள். 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2020-21இல் தொடங்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் போன்ற ஒன்றிய அரசுத் திட்டங்களின் உதவியைப் பெறும்போதும் இந்த விதியை வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

பஞ்சகாலத்தில் தேனீக்குச் சீனி கொடுப்பது அவ்வளவு பெரிய செலவா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டிக்கு வாரம் ஏறக்குறைய 200 கிராம் சீனியைச் சம அளவு நீரில் கரைத்து வைப்பதாகவும், அதை 20 வாரங்கள் தொடர்வதாகவும் கொண்டால், பெட்டிக்கு 4 கிலோ சீனி ஆகிறது. 100 பெட்டி உள்ளவருக்கு 400 கிலோ. கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் 18,000 ரூபாய். நல்ல ஆண்டில் அந்த 100 பெட்டிகளும் தரும் தேனோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை.

ஆனால் இத்தொகை தேவைப்படும் மாதங்களைக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடி மழையில் ரப்பர்ப் பால்வெட்டும் நின்றுபோகிறது. தேன் விற்ற பணம் பள்ளிக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் போயிருக்கும். கூலி வேலையும் குறைவு. தேனீக்குப் பசிக்கும் அதே மாதங்களில் வளர்ப்பவரின் வீட்டிலும் பணம் இல்லை என்பதே உண்மையான சிக்கல். சீனிப்பாகு வைப்பதை இரண்டு வாரம் தள்ளிப்போடுகிறார்கள், கூட்டம் மெலிகிறது, மெலிந்த கூட்டத்தில் அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சி புகுகிறது, ஒருநாள் காலையில் பெட்டி காலியாகக் கிடக்கிறது. இந்தியத் தேனீ பசியையும் தொல்லையையும் பொறுத்துக்கொண்டு இருக்கும் இனம் அல்ல. கூட்டை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

எனவே மானியத்தைப் பெட்டியின் மீது வைப்பதைவிட, கூட்டுறவுச் சங்கங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் மே மாதத்தில் சீனியைக் கடனாகக் கொடுத்து, அடுத்த மார்ச்சில் தேனாகத் திரும்பப் பெறும் ஏற்பாடு சிறந்தது. மேலும் ஒன்று: தேன்காலம் தொடங்கும் முன்பே சீனிப்பாகை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். மீந்த பாகு அடையில் இருந்து தேனோடு கலந்தால், கரும்புச் சீனியின் தடயம் ஆய்வகச் சோதனையில் தெரிந்துவிடும். கலப்படம் செய்ய நினைக்காதவரும் கலப்படக்காரராகிவிடுவார்.

சீனிக்குப் பதிலாக இயற்கையான தீவனத்தைப் பெருக்க முடியாதா?

முழுமையாக முடியாது, பெருமளவு முடியும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் மகரந்தத்துக்குக் குறைவிராது. வாழைப்பூவில் மது உண்டு. மட்டியும் ஏத்தனும் செந்துளுவனும் பயிராகும் மாவட்டத்தில் இது சிறிய வளம் அல்ல. ஆனால் வாழைக்கு இடும் ஊடுருவும் பூச்சிக்கொல்லி மதுவுக்குள்ளும் செல்லக்கூடியது என்பதால், தேனீ வளர்ப்போரும் வாழை விவசாயியும் பேசிக்கொள்ளும் வாய்ப்பைத் திட்டமே உருவாக்க வேண்டும். முருங்கை, புங்கம், நாவல், வேலியில் படரும் கொடிரோஜா ஆகியவை ஒவ்வொன்றும் சில வாரங்களுக்குக் கைகொடுக்கும்.

பலர் எண்ணிப் பார்க்காத செடி ஒன்று உண்டு. ரப்பர்த் தோட்டத்தின் தரையில் மழைக்காலத்தில் பூக்கும் தொட்டாற்சிணுங்கி, வேறு மகரந்தம் அரிதாக இருக்கும் அந்த நாள்களில் தேனீக்குப் பெருந்துணை. பால்வெட்டுக்குப் போவோரின் காலில் முள் குத்துகிறது என்பதால் அதைக் களைக்கொல்லி தெளித்து அழிக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மரவரிசைகளின் நடைபாதையை மட்டும் செதுக்கிவிட்டு, இடைப்பகுதியில் விட்டுவைப்பது இருவருக்கும் பொருந்தும் வழி.

1991-92இல் என்ன நடந்தது? மீண்டும் நடக்குமா?

தாய்லாந்தில் முதலில் அறியப்பட்டதால் 'தாய் சாக்புரூட்' எனப்படும் வைரஸ் நோய் அப்போது தென்னிந்தியாவைத் தாக்கியது. புழு கூட்டுப்புழுவாக மாறும் முன்பே இறந்து, நீர் நிரம்பிய சிறு பைபோல ஆகிவிடும். அடையைத் திறந்து பார்த்தால் மூடப்படாத அறைகளில் தலையைத் தூக்கியபடி இறந்த புழுக்கள் தெரியும். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பெட்டியில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன என்று மதிப்பிடப்பட்டது. நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்திருந்தவர்கள் ஒரே ஆண்டில் வெறுங்கையோடு நின்றார்கள்.

இந்நோய்க்கு இன்றும் மருந்து இல்லை. அழியாமல் தப்பிய கூட்டங்களிலிருந்தும் காட்டுப் பொந்துகளில் பிடித்த கூட்டங்களிலிருந்தும்தான் தொழில் மீண்டது. இப்போதும் அங்கங்கே நோய் தலைகாட்டுகிறது. எனவே மீண்டும் வருமா என்று கேட்பதைவிட, வரும்போது தாங்கக்கூடிய கூட்டங்கள் நம்மிடம் இருக்குமா என்று கேட்பதே சரி. இப்போதைய வழக்கப்படி, பிரிப்பதற்கு எந்தக் கூட்டம் கைக்கு வாய்ப்பாக இருக்கிறதோ அதையே பிரிக்கிறார்கள். அவ்வாறின்றி, நோய் வந்த தோட்டத்திலும் நோய்படாமல் நின்ற கூட்டம், கூட்டை விட்டு ஓடாத கூட்டம், தேனும் மிகுதியாகத் தரும் கூட்டம் எனக் குறித்துவைத்து, அவற்றின் ராணிகளிலிருந்து மட்டுமே அடுத்த தலைமுறையை உண்டாக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் எழுதிவைக்கும் குறிப்பே இதற்குப் போதுமான தொடக்கம்.

அதே வேளையில், எல்லோரும் ஒரே தாய்க்கூட்டத்தின் வழித்தோன்றல்களை வைத்திருப்பதும் ஆபத்தானது. பேச்சிப்பாறை, குலசேகரம், கருங்கல் எனப் பல இடங்களில், ஒவ்வோரிடத்திலும் உள்ளூர்க் கூட்டங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கும் சிறுசிறு தாய்க்கூட்ட நிலையங்கள் அமைவதே எங்கள் பரிந்துரை. தொலைவிலிருந்து கூட்டங்களை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து வழங்குவதை நிறுத்த வேண்டும். நோய் பயணம் செய்வது அந்த வழியில்தான்.

இத்தாலியத் தேனீக்கு மாறிவிட்டால் என்ன?

அந்த நோய் இத்தாலியத் தேனீயை அழிக்கவில்லை. ஒரு பெட்டியில் கிடைக்கும் தேனும் இரண்டு மூன்று மடங்கு. ஆகையால் இந்தக் கேள்வி ஒவ்வோர் அவையிலும் எழுகிறது. ஆனால் அதற்குப் பெரிய பெட்டியும், மிகுதியான மகரந்தமும், ஆண்டு முழுவதும் பூக்களைத் தேடி லாரியில் ஏற்றிச்செல்லும் முதலீடும் தேவை. இந்தியத் தேனீ தன் உடலைச் சுத்தம் செய்தே சமாளித்துக்கொள்ளும் வரோவா உண்ணிக்கு இத்தாலியத் தேனீ எளிதில் இரையாகிறது. அதற்கு மருந்து வைத்தால் அதன் எச்சம் தேனில் சேரும் கவலையும் வரும். மேலும் பஞ்சகாலத்தில் இவ்விரண்டும் அருகருகே இருந்தால், இத்தாலியத் தேனீ இந்தியத் தேனீயின் பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கும்.

ஐந்து பெட்டியும் அரை ஏக்கரும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தியத் தேனீயே ஏற்றது. இடம்பெயர்ந்து தொழில் செய்யும் வசதி உடையவர்கள் இத்தாலியத் தேனீயை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் தனித்தனிப் பகுதிகளை வளர்ப்போரே பேசி வகுத்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் மரங்களையே வெட்டிவிட்டால் என்ன செய்வது?

2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை பின்னர்ப் பாதியாகச் சரிந்தபோது, பல தோட்டங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. சில வெட்டப்பட்டு அன்னாசிக்கும் வேறு பயிர்களுக்கும் மாறின. மறுநடவு செய்த தோட்டத்திலும் கன்று வளர்ந்து, ஒழுங்காக இலையுதிர்த்துத் தளிர்க்கும் மரமாக ஆகும்வரை சில ஆண்டுகள் தேனுக்குப் பயனில்லை. ஆகவே எந்தப் பகுதியில் எந்த ஆண்டு மறுநடவு வருகிறது என்பதை முன்னரே அறிந்தால்தான் பெட்டிகளை எங்கே நகர்த்துவது என்று முடிவுசெய்ய முடியும். அரசு ரப்பர்க் கழகத்திடமும் பெருந்தோட்டங்களிடமும் மறுநடவு அட்டவணை இருக்கும். அதைத் தேனீ வளர்ப்போர் குழுக்களுக்குத் தருவது எளிது.

கொல்லம், பத்தனம்திட்டா, கோட்டயம் பகுதிகளுக்குப் பெட்டிகளைக் கொண்டுசெல்வது இங்குள்ளவர்களுக்குப் பழகிய வழி. எல்லா இடத்திலும் ஒரே நாளில் தளிர்ப்பதில்லை என்பதால் தேன்காலத்தைச் சில வாரங்கள் நீட்டவும் இது உதவுகிறது. ஆனால் இடத்துக்குக் கொடுக்கும் தேனோ பணமோ, பெட்டி திருட்டு, சோதனைச்சாவடித் தாமதம் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனியாகச் சமாளிக்கிறார்கள். இரு மாநில வேளாண் துறைகளும் ஏற்கும் ஒரே அடையாள அட்டை இருந்தால், இரவோடு இரவாகச் செல்லும் வண்டிகள் வழியில் நிற்காமல் விடிவதற்குள் போய்ச்சேரும். வெயில் ஏறினால் மூடிய பெட்டிக்குள் தேனீக்கள் வெந்து சாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் தேன் தூய்மையாக இருந்தும் தரச்சோதனையில் ஏன் தள்ளப்படுகிறது?

பெரும்பாலும் ஈரப்பதத்தால். தரநிர்ணயப்படி அது 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இப்பகுதியின் ஈரக்காற்றில், அடை மூடப்படும் முன்பே அவசரமாக எடுக்கும் தேன் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அத்தகைய தேன் சில மாதங்களில் புளித்து நுரைக்கும். ஈரத்தைப் போக்க நேரடியாக அடுப்பில் வைத்தால் நிறம் கறுத்து, வேறொரு சோதனையில் தோற்கும். பெட்டிக்கு இன்னொரு மேலறையைக் கூடுதலாகக் கொடுத்து, தேனீயே அடையை மூடும்வரை பொறுத்து எடுப்பதே சரியான தீர்வு. சங்கத்துக்கு, தேனின் ஈரப்பதத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி ஒன்றும், வெந்நீர்த் தொட்டியில் மிதமாகச் சூடாக்கும் பொது வசதியும் இருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய தொல்லை சந்தையில் இருக்கிறது. அரிசியிலிருந்து செய்யப்படும் பாகு, கரும்புச் சீனியைக் கண்டுபிடிக்கும் வழக்கமான சோதனையில் அகப்படாது. இந்தியச் சந்தையில் விற்ற தேன்களில் இத்தகைய கலப்படம் பரவலாக இருப்பதை டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளிப்படுத்தியது. பாகு கலந்த தேனின் விலையோடு உண்மையான தேன் போட்டியிட முடியாது. மற்றொரு செய்தியையும் வாங்குவோருக்குச் சொல்லியாக வேண்டும்: ரப்பர்த் தேன் எளிதில் உறையும். உறைந்ததைக் கண்டு சீனி கலந்தது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். குப்பியின் மேல் இரண்டு வரி அச்சிட்டால் இந்த வழக்கு தீரும்.

புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, இனி விலை உயருமா?

மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் குறியீடு கிடைத்தது. அது தானாக விலையை உயர்த்தாது. அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகப் பதிவு செய்தவரே அந்தப் பெயரையும் முத்திரையையும் முறைப்படி பயன்படுத்தலாம். தனித்தனியாகப் பதிவு செய்ய இயலாத சிறு வளர்ப்போரைக் குழுவாகச் சேர்ப்பதும், எந்தக் குப்பி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று காட்டும் பதிவேடும் இல்லாவிட்டால், குறியீட்டின் பயன் குப்பியில் அடைத்து விற்போருக்கே போய்ச்சேரும்.

கொசுத்தேனீ வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆண்டுக்கு ஒரு கூட்டில் சில நூறு கிராம் தேனே கிடைக்கும், விலை பலமடங்கு. கொட்டாது என்பதால் முதியவர்களுக்கும் வீட்டு முற்றத்துக்கும் ஏற்றது. முதன்மைத் தொழிலாக எண்ண வேண்டாம்.

எங்கள் ஊரில் தொடங்க விரும்புகிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெட்டி வாங்க வேண்டாம். வரும் ஜூன், ஜூலை மாதங்களில், ஊரிலோ பக்கத்து ஊரிலோ தேனீ வளர்க்கும் ஒருவரிடம் சென்று, மழைக்கு நடுவே அவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதையும், பெட்டித் தாங்கியின் கால்களுக்குக் கீழே எறும்புக் கிண்ணத்தில் நீர் ஊற்றுவதையும், மெழுகுப் பூச்சி பிடித்த அடையை வெட்டி எறிவதையும் வாரம் ஒருமுறை கூட இருந்து கவனியுங்கள். தேன் எடுப்பதை ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். இதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் வேண்டும். அதன் பிறகும் விருப்பம் குறையாமல் இருந்தால், நவம்பரில் அவரிடமிருந்தே புதிய ராணி உள்ள இரண்டு கூட்டங்களை வாங்குங்கள். ஒன்று போதாது, ஒன்றில் ராணி தவறினால் மற்றதிலிருந்து ஒரு புழு அடையை எடுத்து வைத்துத்தான் அதைக் காப்பாற்ற முடியும்.